முதன்முறை டை அடிக்கப் போகிறீர்களா? பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்

டை அடித்த மூன்றாம் நாள் காலை, கண்ணாடியில் என் கண்களைத் தேட வேண்டியிருந்தது. இமைகள் இரண்டும் நீர் கோத்து மூடிக்கொண்டிருந்தன. நெற்றியோரம் முழுக்கப் பொடிப் பொடியாகக் கொப்புளங்கள். காதுமடலின் பின்புறம் கசிந்த மஞ்சள் நீர் தலையணை உறையோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. எட்டு ஆண்டுகளாக அடித்துவந்த அதே டை என்பதால் அதன் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முந்திய இரவு சாப்பிட்டதைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். தோல் மருத்துவர் என் காதைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் ‘இது டையால் வந்த ஒவ்வாமை’ என்று சொல்லிவிட்டார். அடுத்து அவர் கேட்டது: “டை வந்த பெட்டி இருக்கிறதா?” இல்லை. அது குப்பைக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்த அட்டைப் பெட்டி இல்லாததால், எந்தப் பொருள் எனக்கு ஆகவில்லை என்று உறுதி செய்ய இரண்டு மாதம் ஓடியது. இதற்கிடையில் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ‘மூலிகை’ டை ஒன்றை வாங்கி மறுபடியும் வீங்கிக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த அவதியைப் பட வேண்டாம் என்பதற்காக, இப்போது எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. கடைக்குப் போவதற்கு முன்: நீங்கள் டை அடிக்கலாமா?

எப்போதாவது டை அடித்தபின் காதோரமோ பிடரியோ அரித்ததா? ஒரே நாளில் அடங்கிப்போன அரிப்பாக இருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முகம் வீங்குவதற்கு முன்னால் மூன்று முறை பிடரி அரித்திருக்கிறது. பொடுகு என்று நினைத்து ஷாம்பூவை மாற்றினேன். இந்த ஒவ்வாமை வளரும் விதம் இதுதான்: உடல் ஒரு பொருளை அடையாளம் கண்டு வைத்துக்கொண்டுவிட்டால், அடுத்தடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவும் கடுமையாகவும் எதிர்க்கிறது. பத்து முறை ஒன்றும் ஆகவில்லை என்பதால் பதினோராம் முறையும் ஆகாது என்று சொல்ல முடியாது.

கையில் கறுப்பு நிறத்தில் தற்காலிகப் பச்சை வரைந்துகொண்டதுண்டா? அசல் மருதாணி செம்மஞ்சளோ செம்பழுப்போதான் தரும். வரைந்த சிறிது நேரத்திலேயே கன்னங்கரேலென்று ஏறும் ‘கறுப்பு மருதாணி’யில் பெரும்பாலும் கலந்திருப்பது, தலைச்சாயத்தில் உள்ள அதே பாரா-ஃபெனிலீன்டையமின், அதுவும் அளவு கணக்கு இல்லாமல். சிறு வயதில் அப்படி வரைந்த இடம் புண்ணானவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து முதல் டையிலேயே முகம் வீங்கிவிடக்கூடும். இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், வீட்டில் சோதித்துப் பார்க்கும் வேலைகூட வேண்டாம். நேராக 9-ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

தலையில் புண், சொறி, வெயிலில் வெந்த தோல் என்று எது இருந்தாலும் ஆறும்வரை பொறுக்க வேண்டும். 16 வயது நிரம்பாதவர்களுக்கு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் பெட்டிகளில் இந்த எச்சரிக்கை அச்சாகியே வருகிறது. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, தோல் வழியாக உள்ளே போகும் அளவு மிகக் குறைவு. ஆனாலும் முதல் 12 வாரம் தள்ளிப்போடுவது நல்லது. தோலில் படாமல் முடிக்கற்றையில் மட்டும் பூசும் ஹைலைட் முறையில் பயம் இன்னும் குறைவு.

2. பெட்டியின் பொடி எழுத்தைப் படியுங்கள்

முன்பக்கத்துப் புகைப்படத்தை விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போல் அச்சடித்திருக்கும் பட்டியல். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

இரண்டு பொருளைக் கலந்து பூச வேண்டிய டை என்றால் அது நிரந்தரச் சாயம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் சாயத்தின் மூலப்பொருள், இன்னொன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு. கலந்ததும் சிறு மூலக்கூறுகள் முடிக்குள் நுழைந்து, அங்கே ஒன்றோடொன்று இணைந்து நிறமாகிப் பெரிதாகி வெளியே வர முடியாமல் தங்கிவிடுகின்றன. முழுவதும் இணைந்து முடித்தபின் அது சாது. இணைவதற்கு முன்னும் இணையும்போதும்தான் தோலுக்குத் தொல்லை.

தேட வேண்டிய பெயர் பாரா-ஃபெனிலீன்டையமின். சுருக்கமாக பி.பி.டி. இதே பொருள் 1,4-டையமினோபென்சீன் என்றும், சி.ஐ. 76060 என்ற எண்ணாலும் குறிக்கப்படும். அடுத்தது டொலுயீன்-2,5-டையமின், இது பி.பி.டி.க்குப் பங்காளி. ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் கணிசமானவர்களுக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது. தலையில் பூசும் கலவையில் பி.பி.டி. 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. நிறம் கறுக்கக் கறுக்க அதன் அளவும் பொதுவாகக் கூடும்.

இனிப் பெட்டியில் இருக்கும் கண்ணிகள். ‘அம்மோனியா இல்லாதது’ என்றால் வாடை இல்லாதது, அவ்வளவுதான். அம்மோனியாவுக்குப் பதில் எத்தனாலமைன் போன்ற வேறொன்று இருக்கும், பி.பி.டி. இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ‘மூலிகை’, ‘இயற்கை’ என்ற சொற்களும் அப்படியே. நான் இரண்டாம் முறை வீங்கிய டையின் பெட்டியில் கற்றாழை, நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி எல்லாம் வண்ணப் படமாக இருந்தன. பட்டியலின் நான்காம் வரியில் பி.பி.டி. இருந்தது. நான் படிக்காததற்குப் படம் போட்டவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் கோபம் என்னவோ இன்னும் போகவில்லை. மருதாணிப் பொடி என்று வாங்கியது ஒரு மணி நேரத்தில் கருகருவென்று நிறம் ஏற்றினால், அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது. பட்டியலே இல்லாத பெட்டி என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

தினமும் தடவினால் நரை மெல்ல மெல்லக் கறுக்கும் என்று சொல்லி விற்கும் திரவங்கள் சிலவற்றில் ஈய அசிட்டேட் இருந்துவந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தலைச்சாயத்தில் அதைப் பயன்படுத்தும் அனுமதியை நீக்குவதாக 2018-இல் அறிவித்தது. பட்டியலில் ஈயம் தெரிந்தால் தொடவே வேண்டாம்.

வாங்கியதும் நான்கு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: முன்பக்கம், உட்பொருள் பட்டியல், தொகுதி எண், காலாவதித் தேதி. உள்ளே மடித்து வைத்திருக்கும் விளக்கத் தாளும் பெட்டியும் அடுத்த பெட்டி வாங்கும்வரை உங்கள் அலமாரியில் இருக்கட்டும்.

3. நாள் குறியுங்கள்: 48 மணி நேரச் சோதனை

பலர் தவறுவது இங்கேதான். நாளைக்கு நிகழ்ச்சி, இன்று மாலை டை. இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் முகத்தில் தெரியும். அதாவது சரியாக நிகழ்ச்சி அன்று. வீக்கம் வந்தால் வடிய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்: நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்னால் சோதனை, எட்டு அல்லது ஏழு நாள் முன்னால் டை.

சோதனையைக் காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உள்மடிப்பில் செய்ய வேண்டும். சாயத்தை மட்டும் பூச வேண்டுமா, பெராக்சைடோடு கலந்தா, எவ்வளவு நேரம் கழித்துக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் பெட்டிக்குப் பெட்டி மாறும். விளக்கத் தாளில் உள்ளபடியே செய்யுங்கள். எடுத்தவுடன் குழாயை இறுக மூடிவிடுங்கள். காற்றுப் பட்டால் சாயம் கெட்டுவிடும். பிறகு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று ஆரம்பித்தால் சோதனையே செய்யாததற்குச் சமம். சிவப்பு, அரிப்பு, தடிப்பு, கொப்புளம் எது வந்தாலும் அந்தப் பெட்டியின் பணம் போனதாக எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டுமா என்றால், ஆம். பெட்டி அதேதான் என்றாலும் நிறுவனம் உட்பொருளை மாற்றியிருக்கலாம். உங்கள் உடலும் மாறியிருக்கலாம். இந்தச் சோதனை நூற்றுக்கு நூறு நம்பகமானது என்றும் சொல்ல மாட்டேன். இதில் தேறியவர்களுக்கும் சில சமயம் ஒவ்வாமை வந்திருக்கிறது.

4. அடிக்கும் நாள்

அதற்கு முந்திய நாள் தலைக்குக் குளிக்காதீர்கள். உச்சந்தலையில் ஊறியிருக்கும் எண்ணெய்ப்பசை ஓரளவு காப்பு. அழுத்திச் சீவுவதும் வேண்டாம்; கீறல் வழியாகச் சாயம் சுலபமாக இறங்கும். முடி வளர மினாக்சிடில் போடுகிறவர்கள் அன்று அதை விட்டுவிடலாம்.

நெற்றியோரம், காதுமடல், பிடரி என்று தோல் தொடங்கும் வரம்பில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாகத் தடவுங்கள். பெட்டியோடு வரும் கையுறை பெரும்பாலும் பூவிதழ் மாதிரி கிழியும். நைட்ரைல் கையுறை ஒரு ஜோடி தனியாக வாங்கி வையுங்கள், ஒரு முறை போட்டதைக் கழுவி மறுபடி போடாதீர்கள். கலக்கப் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம்தான், உலோகம் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நேரத்தைக் கடிகாரத்தில் வையுங்கள். ‘இன்னும் பத்து நிமிடம் இருந்தால் நன்றாகப் பிடிக்கும்’ என்பது நிறத்துக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை, தோலுக்குத்தான் சேதம். லேசான குறுகுறுப்பு வேறு, எரிச்சல் வேறு. எரிந்தால் நேரம் முடியாவிட்டாலும் கழுவிவிட வேண்டும். முடிந்ததும் தண்ணீர் தெளிவாக வடியும்வரை வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். நெற்றியில் வழிந்து காய்ந்த கறையையும் விடாதீர்கள்.

மிச்சமான கலவையைப் புட்டியில் அடைத்து வைத்தீர்கள் என்றால் உள்ளே வாயு பெருகி வெடிக்கக்கூடும். கொட்டிவிடுங்கள். திறக்காத பெட்டியும் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பி.பி.டி. வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். தசைகள் சிதைந்து சிறுநீரகமே செயலிழக்கலாம். அது உயிர் போகிற விஷயம்.

புருவத்துக்கும் இமைமுடிக்கும் தலைச்சாயம் ஒருபோதும் கூடாது, பார்வையே போகக்கூடும். கண்ணில் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். மீசை, தாடிக்கு அதற்கென்று விற்பதை மட்டும் பூசுங்கள். அதற்கும் 48 மணி நேரம் உண்டு.

5. ப்ளீச் என்றால் இன்னும் கவனம்

கறுப்பு முடியில் வெளிர் நிறம் வேண்டுமானால் முதலில் ப்ளீச் செய்தாக வேண்டும். அதற்கான பெராக்சைடு திரவம், அதாவது டெவலப்பர் புட்டியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 10 வால்யூம் என்றால் 3 சதவீதப் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. எண் ஏற ஏற உச்சந்தலை வெந்துபோகும் வாய்ப்பும் ஏறும். அதன் மேல் ஃபாயில் சுற்றிச் சூடு காட்டினால் கேட்கவே வேண்டாம். 40 வால்யூமை வீட்டில் தொடாதீர்கள் என்பது என் கருத்து.

ப்ளீச் பொடியில் உள்ள பெர்சல்ஃபேட் உப்புகள் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. இளைப்பு உள்ளவர்கள் அந்தத் தூளைக் கலக்கிற வேலைக்கே போக வேண்டாம். முன்பு ஈய அசிட்டேட் போன்ற உலோக உப்புச் சாயம் தடவிய முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி பொடிந்து விழும்.

6. சலூனில் அடிப்பதென்றால்

இரண்டு நாள் முன்னால் போய்ச் சோதனை செய்யச் சொல்லுங்கள். “வருடக்கணக்காக அடிக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை” என்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. வீங்கிப்போகிறவர் மூன்றாம் நாள் சலூனுக்கு வருவதில்லை, மருத்துவமனைக்குத்தான் போகிறார். எந்தப் பெட்டி என்று காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். போர்த்திய துணியை எடுத்துவிட்டு எழுந்து போவது சங்கடம்தான், ஆனால் ஒரு நிமிடச் சங்கடம். நீங்களே சோதித்த பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் சுலபம்.

7. எத்தனை நாளுக்கு ஒருமுறை? புற்றுநோய் வருமா?

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேரில் வெள்ளை தெரியும். அப்போது வேருக்கு மட்டும் பூசினால் போதும். எட்டு வாரம் தாங்க முடிந்தால் தாங்குங்கள்; ஆண்டுக்கு ஆறேழு முறையோடு முடிந்துவிடும்.

புற்றுநோய்க் கேள்விக்கு ஒற்றை வரிப் பதில் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, நாள் முழுக்கச் சாயத்தில் கைவைக்கும் சலூன் தொழிலைப் ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. சொந்தமாகச் சாயம் பூசிக்கொள்வதை, முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்ற 3-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 1,17,200 பெண் செவிலியர்களை 36 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. நிரந்தரச் சாயத்தால் பெரும்பாலான புற்றுநோய்களின் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. சில வகை மார்பகப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய் போன்றவற்றில் மட்டும் சற்றுக் கூடுதல் தெரிந்தது. இதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், தடவல்களின் எண்ணிக்கையைக் குறைக்காமல் இருக்கவும் வேண்டாம்.

8. அரிப்பு தொடங்கிவிட்டால்

உதடு, நாக்கு, தொண்டை வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ மேலே படிக்காதீர்கள். அவசர சிகிச்சைக்குப் போங்கள். இது அபூர்வம்தான், ஆனால் நிமிடக் கணக்கில் முற்றும்.

மற்றபடி முதல் வேலை, மிதமான ஷாம்பூ போட்டு நிறைய நீரில் அலசுவது. எண்ணெய், மஞ்சள், எலுமிச்சை எதையும் மேலே பூசாதீர்கள். ஈரத் துணியை ஒற்றிக் குளிர்ச்சி கொடுக்கலாம். காலையும் மாலையும் முகத்தையும் காதையும் படம் எடுங்கள். உச்சந்தலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே தோல் தடிமன். என் தலை சுத்தமாகத்தான் இருந்தது. கண்ணிமையும் காதுமடலும்தான் காட்டிக்கொடுத்தன.

ஒவ்வாமை மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று நான் இரண்டு நாள் காத்திருந்தது வீண். அது அரிப்பைக் கொஞ்சம் அடக்கும். இந்த வகை வீக்கத்தை வடிய வைக்காது. அதற்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு களிம்போ, கடுமையானால் மாத்திரையோ தேவைப்படும். அதை மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். பயந்துபோய் மொட்டை அடித்துக்கொள்ளவும் வேண்டாம். நன்றாக நிறம் பிடித்து அலசிய முடி பொதுவாக ஒவ்வாமை தருவதில்லை.

கொண்டுபோக வேண்டியவை: பெட்டி அல்லது அதன் படங்கள், அடித்த தேதியும் நேரமும், அரிப்பு தொடங்கிய நேரம், நீங்கள் எடுத்த முகப் படங்கள், அந்த வாரம் புதிதாகப் பயன்படுத்திய எதுவாக இருந்தாலும் அதன் பெயர்.

9. பேட்ச் டெஸ்ட்: நாளும் செலவும்

எந்தப் பொருள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது தோல் மருத்துவர் செய்யும் பேட்ச் டெஸ்ட்தான். தடிப்பு முழுக்க ஆறி, ஸ்டீராய்டு மாத்திரை நிறுத்திச் சில வாரம் கழித்தே செய்வார்கள். முதுகில் சிறு வில்லைகளாக ஒட்டுவார்கள், பி.பி.டி. 1 சதவீத அளவில் அதில் ஒன்றாக இருக்கும். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், மறுபடி நான்காம் நாள் வாக்கில் பார்ப்பார்கள். ஆக மூன்று முறை போக வேண்டும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் வசதி. அந்த நாட்களில் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்க வேலை செய்யக் கூடாது. வெயில் காலத்தில் போட்டுக்கொண்டு நான் பட்ட பாடு போதும். நீங்கள் குளிர்ந்த மாதமாகப் பாருங்கள்.

செலவை முன்கூட்டியே கேளுங்கள். வில்லைகளுக்கு ஒரு கட்டணம், ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கட்டணம் என்று பிரித்துச் சொல்லும் இடங்கள் உண்டு. பெட்டி இல்லாததால் எனக்கு இரண்டு தொகுதி வில்லைகள் ஒட்ட வேண்டியதாயிற்று. எல்லாம் சேர்ந்து, அந்தப் பணத்தில் நான் சில ஆண்டுகளுக்கு டை வாங்கியிருக்கலாம்.

முடிவை வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எந்தப் பொருள், அதன் மாற்றுப் பெயர்கள், அதோடு சேர்ந்து தவிர்க்க வேண்டியவை என்று தாளில் எழுதி வாங்குங்கள்.

10. ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதியானபின்

பி.பி.டி. ஆகாது என்றால் அது வாழ்நாள் கணக்கு. ‘கொஞ்சம் இடைவெளி விட்டு’ மறுபடி முயல்வதில் பயன் இல்லை. கலப்படமில்லாத மருதாணியும் அவுரியும் பலருக்குச் சரிப்படும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும் மருதாணி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும், அவர்கள் விலகியிருக்க வேண்டும். கழுவினால் போய்விடும் வண்ணக் குச்சிகள் இருக்கின்றன. பி.பி.டி.க்கு மாற்றாக வந்த புதிய மூலப்பொருள்களும் உண்டு. அவையும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதால் மருத்துவர் சோதித்துச் சொன்னபின் பார்க்கலாம். நரையை அப்படியே விடுவதானால் பொறுமை வேண்டும்: தோள்வரை முடி உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் இரு நிறத் தலைதான். நான் ஒட்ட வெட்டிக்கொண்டேன், மூன்று மாதத்தில் முடிந்தது.

பி.பி.டி.யின் உறவுக்காரப் பொருள்கள் டைக்கு வெளியேயும் இருக்கின்றன. அடர்நிறத் துணிச் சாயங்கள் சில, கறுப்பு ரப்பர் சில, மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் ஆகியவை அந்தத் தாளில் எழுதியிருந்தன. தாளைப் பணப்பையில் மடித்து வைத்திருக்கிறேன். போன மாதம் வாய்ப்புண்ணுக்கு ஜெல் கேட்டு மருந்துக் கடையில் நின்றபோது அதை நீட்டினேன். மருந்தாளுநர் கையில் எடுத்திருந்த குழாயின் பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.